பச்சை நிறத்தை நம்புவதற்கு முன்

அன்புள்ள தங்கைக்கு,

துணிக்கை உணர்கருவிகளைச் சோதிக்கும் மென்பொருளைப் பற்றி இந்தக் கடிதம். எல்கடுவவில் இருந்து உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் உனக்கு இது எட்டாத விடயமாகத் தோன்றலாம். ஆனால் சேர்ன் ஆய்வுகூடத்தின் சி.எம்.எஸ். பரிசோதனை வெளியிடும் கட்டுரைகளில், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பெயரும் மாத்தறை ருகுணு பல்கலைக்கழகத்தின் பெயரும் இடம்பெறுகின்றன. நாளைக்கு நீ போய்ச் சேரக்கூடிய இடங்கள்தான் அவை. அதனால் ஒன்றை இப்போதே சொல்லி வைக்கிறேன். மென்பொருளை நிறுவுவதை அளவீட்டுக்கு முந்திய சில்லறை வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். என் கணிப்பில் அளவீடு அங்கேதான் தொடங்குகிறது.

முதலில், எதைச் சோதிக்கிறார்கள் என்று பார். துணிக்கைகளை மோதவிடும் சேர்னின் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள பெரிய ஹாட்ரன் மோதுவியை, இன்னும் பல மடங்கு மோதல்களைத் தரும்படி மேம்படுத்தி 2030இல் இயக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதற்காக, அந்த மோதல்களைப் பதியும் சி.எம்.எஸ். கருவியின் நடுவில் உள்ள சிலிக்கன் பகுதி முழுவதும் புதிதாக மாற்றப்படுகிறது. மோதல் நடக்கும் இடத்துக்கு மிக அருகே, சிலிக்கனும் சிப்புகளும் சேர்ந்த ஏறத்தாழ 3,900 பிக்சல் மொடியூல்கள் அமரும். அவற்றில் உள்ள சிப் ஒவ்வொன்றிலும் 432 நிரல், 336 நிரை. அதாவது 1,45,152 பிக்சல்கள். உள்ளே பூட்டிய பிறகு கெட்டுப்போன ஒன்றைக் கழற்றி எடுப்பது இலேசான காரியமில்லை. ஆகவே ஒவ்வொரு மொடியூலும் பூட்டுவதற்கு முன்பே சோதிக்கப்பட வேண்டும். இந்த வேலை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல ஆய்வுகூடங்களில் நடக்கிறது. ஓரிடத்தில் கிடைத்த எண்ணும் இன்னோரிடத்தில் கிடைத்த எண்ணும் ஒரே பொருளைச் சொன்னால்தான் இவ்வளவு உழைப்புக்கும் அர்த்தமுண்டு.

அந்தச் சோதனையை நடத்தும் மென்பொருளில், திரையில் தெரியும் வரைகலைச் சாளரம் மேல் அடுக்கு மட்டுமே. அது பைதன் மொழியில் எழுதப்பட்டது. அதன் கீழே, சிப்போடு பேசுகிற சி பிளஸ் பிளஸ் செய்நிரல் இயங்குகிறது. அதற்கும் கீழே, கணினிக்கும் மொடியூலுக்கும் இடையே உள்ள மின்பலகையில், எப்.பி.ஜி.ஏ. என்ற மின்சுற்றில் ஏற்றிய நிலைபொருள் இருக்கிறது. இந்த மூன்றோடு லினக்ஸின் பதிப்பும், வரைபுகளைத் தயாரிக்கும் ரூட் நூலகமும், அமைப்புக் கோப்பும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஏதாவது ஒன்று பொருந்தாமல் செய்நிரல் அடியோடு நின்றுபோனால் அது நல்லகாலம். பொருந்தாமலேயே ஓடிவிட்டால்தான் ஆபத்து. டொக்கர் என்ற கொள்கலனுக்குள் மென்பொருள்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி அனுப்புவதற்கு இதுவே காரணம். எந்த ஊரில் திறந்தாலும் உள்ளே இருக்கும் மென்பொருள் ஒன்றாகவே இருக்கும். ஆனால் மின்பலகையின் நிலைபொருளையும் மொடியூலுக்குரிய அமைப்புக் கோப்பையும் கொள்கலன் பார்த்துக்கொள்ளாது. அவற்றைச் சரிபார்ப்பது உன் பொறுப்பு.

ஒரு சோதனையைக் கிட்ட நின்று பார்ப்போம். ஒரு பிக்சலுக்குள் தெரிந்த அளவு மின்னேற்றத்தை, சிப்பில் உள்ள சுற்றின் மூலமே பல தடவை செலுத்துகிறார்கள். ஏற்றம் குறைவாக இருந்தால் பிக்சல் பதில் சொல்லாது. போதிய அளவு இருந்தால் ஒவ்வொரு தடவையும் சொல்லும். ஏற்றத்துக்கு எதிராகப் பதில்களைக் குறித்தால், இடையில் வரைபு ஆங்கில எஸ் எழுத்தைப் போல வளைந்து ஏறும். பாதித் தடவை பதில் வரும் இடமே அந்தப் பிக்சலின் நுழைவாய். வளைவு எவ்வளவு மெதுவாக ஏறுகிறதோ அவ்வளவு இரைச்சல். 150 மைக்ரோமீற்றர் தடிப்புள்ள சிலிக்கனைத் துணிக்கை நேராக ஊடுருவினால் ஏறத்தாழ 11,000 இலத்திரன்கள் விடுபடும். கதிர்வீச்சால் சிலிக்கன் பழுதடையும்போது இது குறையும் என்பதால், நுழைவாயை 1,000 இலத்திரன் அளவுக்குத் தாழ்த்தி வைக்கப் பார்க்கிறார்கள். இனிமேல்தான் கவனிக்க வேண்டிய இடம். சிப்புக்கு இலத்திரன் என்றால் என்னவென்று தெரியாது. அது படிகளைத்தான் எண்ணுகிறது. ஒரு படிக்கு எத்தனை இலத்திரன் என்பதை மென்பொருளுக்குச் சொல்வது அமைப்புக் கோப்பில் உள்ள ஒரு எண். அந்த எண் இரண்டு மடங்காகப் பதியப்பட்டிருந்தால் 1,000 இலத்திரன் திரையில் 2,000 என்று தெரியும். வளைவு அதே அழகோடு இருக்கும். ஒரு பிக்சல்கூட முறைப்பாடு செய்யாது.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசை நீ பார்த்திருப்பாய். அது காட்டும் கிலோக் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்பது தெரியாமல், அந்த நாளுக்கு முழுச் சம்பளம் தரும் முழுப்பேரா, பாதி தரும் அரைப்பேரா என்ற தீர்ப்பு நியாயமா என்று யாராலும் சொல்ல முடியாது. அமைப்புக் கோப்பும் அந்தக் கழிவைப் போலத்தான். முடிவைத் தீர்மானிக்கிறது, முகப்பில் தெரிவதில்லை.

அப்படியானால் சாளரமே வேண்டாம், கட்டளைகளை நேரே தட்டச்சு செய்வதுதான் உண்மையான விஞ்ஞானம் என்று சிலர் வாதிடுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. கட்டளை எழுதுகிறவருக்குத் தான் என்ன கேட்கிறோம் என்பது தெரியும். பொத்தானை அழுத்துகிறவருக்குத் தெரியாமலும் போகலாம். ஆனால் ஆயிரக்கணக்கான மொடியூல்கள் பல கைகள் மாறும்போது, மறதியும் களைப்பும் விஞ்ஞானிக்கும் வரும். உதாரணமாக, பின்முகக் கோடலில் வோல்ற்றளவைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கசியும் மின்னோட்டத்தை அளக்க வேண்டும். அந்த மின்னோட்டம் எல்லை தாண்டினால் உடனே நிறுத்த வேண்டும். இந்த ஒழுங்கில் ஒரு படி தவறினாலும் மொடியூல் பழுதாகலாம். அந்த ஒழுங்கைத் தவறாமல் காப்பதும், யார், எப்போது, எந்தப் பதிப்பில் அளந்தார்கள் என்று தரவுத்தளத்தில் பதிவதும் சாளரம் செய்யும் பேருதவி. எல்லாவற்றையும் அதுவே பார்த்து, தேறியதற்குப் பச்சை காட்டும்போது நமக்கென்ன வேலை என்றும் கேட்கலாம். தேறும் எல்லை எது என்று வகுத்தது ஒரு மனிதர். அந்த எல்லை எந்த அனுமானத்தில் நிற்கிறது என்பதை விளங்கிக்கொள்ளாதவருக்குப் பச்சையும் சிவப்பும் வெறும் நிறங்கள்.

எல்கடுவவில் மொடியூலும் இல்லை, மின்பலகையும் இல்லை என்பது உண்மைதான். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பழைய மடிகணினி ஒன்றில் லினக்ஸை நிறுவு. பைதனில் ஒரு பொய்ப் பிக்சலை உருவாக்கு: 1,000 இலத்திரன் நுழைவாய், 80 இலத்திரன் இரைச்சல். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் 100 தடவை பதில் கேட்டு, வளைவை வரைந்து பார். பிறகு படியின் மதிப்பை மட்டும் இரண்டு மடங்காக்கி மறுபடி வரை. இரண்டு வரைபுகளையும் பக்கத்தில் வைத்து, அச்சில் உள்ள எண்களை மறைத்துவிட்டு, எது பிழையென்று கண்டுபிடிக்க முடிகிறதா என்று ஒரு தோழியிடம் கேள். அவளால் முடியாது. பதிப்பு, அமைப்புக் கோப்பு, திகதி மூன்றையும் ஒவ்வொரு வரைபின் கீழும் எழுதும் பழக்கம் ஏன் வேண்டும் என்பது அப்போது உனக்கே விளங்கும்.

அன்புடன்,
அண்ணன்