அழுகண்ணியும் அது காட்டும் நிலமும்

மாரிமழை ஓய்ந்தபின், மணற்பாங்கான தரிசு நிலங்களின் ஈரக்கசிவில், தரையோடு ஒட்டிய சிறு செந்நிறப் பூண்டொன்று காணப்படும். வெயிலேறிப் புல்லின்மேற் பனி உலர்ந்த பின்னரும் இதன் இலைகளில் துளிகள் மின்னிக்கொண்டேயிருக்கும். இதுவே அழுகண்ணி. “ஐயா, பூச்சியைத் தின்னும் இப்பூண்டு பயிரையுங் கெடுக்குமோ?” எனக் கமக்காரர் வினவுவதுண்டு. கெடுக்காது. ஆனால், அது நிற்கும் நிலத்தைப்பற்றி நாம் அறியவேண்டிய செய்தியொன்றை அது கூறுகின்றது.

பூண்டின் இயல்பு

அழுகண்ணி துரோசெரா என்னும் இனத்தைச் சேர்ந்தது. தரையில் வட்டமாய் இலைவிரித்து வெண்ணிறப் பூப்பூக்கும் வகையும், நிமிர்ந்த தண்டில் நீண்டொடுங்கிய இலைகளையுடைய வகையும் இலங்கையில் உண்டு. முன்னையதன் குறுக்களவு ஏறக்குறைய 2 சதமமீற்றர் மாத்திரமே.

இலைமயிர்களின் நுனியிலுள்ள துளி நீரன்று, பசையாகும். அதில் எறும்பு, கொசு முதலியன ஒட்டியதும் மயிர்கள் வளைந்து அவற்றைப் பற்றிக்கொள்ளும். பின்னர் இலையிற் சுரக்கும் சாறு பூச்சியின் உடலைக் கரைக்க, இலை அச்சத்தை உறிஞ்சும். இங்கிலாந்து அறிஞர் சாள்ஸ் டார்வின் 1875ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கினார்.

பூச்சியை நாடுவது ஏன்?

இப்பூண்டின் வேர் சிறியது. அது வளரும் மண்ணும் வறியது. அமிலத்தன்மையுள்ள ஈரமணலில் நைதரசன் நீரோடு கழுவுண்டு போகின்றது. அக்குறையையே இது பூச்சியால் நிரப்புகின்றது. உயர்ந்த புற்கள் அங்கே செழிப்பதில்லையாதலால், இதற்கு வேண்டிய வெயிலும் தடையின்றிக் கிடைக்கின்றது. அவ்விடத்திற் பசளை சேர்ந்தாற் புல் ஓங்கி நிழல் செய்ய, அழுகண்ணி மறைந்துவிடும்.

கமக்காரர் கவனிக்கவேண்டியவை

1. அழுகண்ணி மலிந்த நிலத்தைப் புதிதாகத் திருத்த எண்ணுவோர், விதைக்கும் கூலிக்கும் பணஞ் செலவிடுமுன் மண்ணைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். கடன்பட்டு நட்ட பயிர் மஞ்சளித்து நிற்கக் கண்டு வருந்துவதினும் இது நன்று.

2. மாட்டெரு, கூட்டெரு, பூவரசு, கிளிரிசிடியா முதலிய தழைகளை மண்ணுக்கு ஊட்டுக. சுண்ணாம்பைப் பரிசோதனையின் பின்னரே, விதந்துரைத்த அளவில் இடுக.

3. நைதரசன் பசளையை ஒரே முறையில் இடாது, பல முறையாகப் பிரித்து இடுக. மணல் அதனைத் தாங்கி வைத்திராது.

4. மரக்கறிப் பயிருக்கு மேடைப்பாத்தியும் வடிகாலும் அமைக்க.

5. இப்பூண்டு தத்தியையோ தண்டு துளைப்பானையோ அடக்குமென நம்பற்க. அது பற்றுவன மிகச் சிறு பூச்சிகளே.

பயிருக்குதவாத ஈரத்தரிசில் இது நிற்குமாயின், பிடுங்காதும் தீயிடாதும் விட்டுவிடுக. அது நம் பயிரோடு போட்டியிடுவதன்று. மண்ணின் பசியை முன்கூட்டியே நமக்குக் காட்டும் இச்சிறு பூண்டைக் கண்டறிந்து நடப்பவர் வீண்செலவினின்றுந் தப்புவர்.