ஆன்டி-ஹியூமன் ஐஜிஜி வாங்குறதுக்கு முன்னாடி

எலைசா உன் கைக்கு வந்துடுச்சுன்னு கேட்டதுல அக்காவுக்கு ரொம்ப சந்தோஷம்டா. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி கேட்லாக்கில ஒரே ஒரு இடத்தை மட்டும் நிதானமா படி. ‘ஹெச் பிளஸ் எல்’னு போட்டிருக்கா, இல்ல ‘எஃப்சி’ன்னு போட்டிருக்கா?

ஐஜிஜி கிட்டத்தட்ட 150 கிலோடால்டன். 50 எடையில ரெண்டு கனச் சங்கிலி, 25 எடையில ரெண்டு லேசான சங்கிலி. அந்த லேசான சங்கிலி, கப்பாவோ லாம்டாவோ, ஐஜிஎம்லயும் ஐஜிஏலயும் அப்படியே இருக்கு. அதனால ரெண்டு சங்கிலியையும் பிடிக்கிற ஹெச் பிளஸ் எல் ஆன்டிபாடி அதுங்களையும் சேர்த்துப் பிடிச்சிடும். மொத்தத்துல ஆன்டிபாடி இருக்கான்னு பார்க்க அது போதும். ஐஜிஜி மட்டும்தான் வேணும்னா, அதோட கனச் சங்கிலியான காமா சங்கிலியோட எஃப்சி பகுதியை மட்டும் பிடிக்கிறதா பார்த்து வாங்கு. நோய்த்தொற்று புதுசா பழசான்னு பிரிச்சுப் பார்க்கிற வேலையில இதைக் கவனிக்காம விட்டா ரிசல்ட்டே தப்பாயிடும்.

குப்பி வந்ததும் சட்டுனு மூடியைத் திறக்காதே. சென்ட்ரிஃபியூஜ்ல ஒரு சுத்து விடு; மூடியில ஒட்டியிருக்கிற மைக்ரோலிட்டரும் காசுதான். எச்.ஆர்.பி. நொதி இணைச்சதுன்னா, கிளிசரால் இருக்கான்னு டேட்டாஷீட்ல பாரு. இல்லேன்னா உறைய வைக்காம 4 டிகிரியில வை, ஃபிரிட்ஜ் கதவுல வேண்டாம். பஃபர் கெட்டுப்போகக் கூடாதேன்னு சோடியம் அசைடு மட்டும் சேர்த்துடாதே. எச்.ஆர்.பி. வேலை செய்யாமப் போயிடும், நிறமே வராது.

டைலூஷனை யாரோட புரோட்டோகால்லயிருந்தும் எடுக்காதே. 5,000, 10,000, 20,000, 40,000 மடங்குன்னு நீயே வரிசையா போட்டுப் பாரு. கூடவே சீரமே போடாத குழிகளும் இருக்கணும். டி.எம்.பி. ஊத்தினதும் நீலம் எழும், சல்பியூரிக் அமிலம் விட்டதும் மஞ்சளாகும், 450 நானோமீட்டர்ல படிக்கணும். ரொம்ப அடர்த்தியா மஞ்சள் வந்த டைலூஷன் எதுன்னு தேடாதே. பாசிட்டிவ் சீரத்துக்கும் சீரம் இல்லாத குழிக்கும் இடைவெளி எங்க அதிகமோ, அதை எடு. வெறும் குழியே மஞ்சளானா, ஆன்டிபாடி தானாவே ஒட்டுதுன்னு அர்த்தம். பிளாக் பண்ணப் போடுற பால் பவுடர்லயும் பி.எஸ்.ஏ.லயும் மாட்டு ஐஜிஜி இருக்கலாம். மாட்டுப் புரதத்தோட ஒட்டாம கிராஸ்-அட்சார்ப் பண்ணினதா வாங்கினா அந்தத் தொல்லை குறையும். பிபிஎஸ் ட்வீன் கழுவலிலயும் அவசரம் காட்டாதே. கடைசிக் கழுவலுக்கு அப்புறம் பிளேட்டைக் கவிழ்த்து டிஷ்யூ மேல நல்லா தட்டு.

மொத்த ஐஜிஜி எவ்வளவுன்னு அளக்கப்போறேன்னா இன்னொண்ணு. ஆரோக்கியமா இருக்கிறவங்க சீரத்துல ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து மில்லிகிராம் போல இருக்கும். சாண்ட்விச் எலைசா அளக்கிறது நானோகிராம்ல. அதனால சீரத்தை லட்சம் மடங்கு வரைக்கும் கூட நீர்க்க வேண்டியிருக்கும். அதை ஒரே தாவலா தாவாம, நூறு நூறா படி வச்சு இறங்கு. ஒவ்வொரு படிக்கும் டிப்பை மாத்து.

குப்பி தீர்ந்து புதுசு வந்ததும் லாட் நம்பரை நோட்டுல எழுதிட்டு, அந்த டைலூஷன் வரிசையைத் திரும்பப் போடு.