பத்து விநாடி ஹார்ன்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஹார்ன் அடிச்சே ஆகணும், எதிரே பஸ் வர்றது தெரியாது. ஆனா மேலே வந்த பிறகும், ராத்திரியில், ஏரிப்பக்கம் நாங்க தங்கின ரூம் ஜன்னலுக்கு வெளியே எதுக்கு? தூக்கம் போனதுதான் மிச்சம். சரி, கணக்காவது போடுவோம்.

டெசிபல் ஒரு மடக்கை அளவு. 70 டெசிபல் தரும் வண்டி ரெண்டு சேர்ந்தா 140 ஆகாது, 73தான். (முதல் வருஷத்தில் நான் 140 எழுதினவன்.) 10 டெசிபல் கூடினா ஒலிச்செறிவு 10 மடங்கு, 40 கூடினா 10,000 மடங்கு.

இரவின் அமைதி 40 டெசிபல்னு வைப்போம். ஒரு மணி நேரத்தில், அதாவது 3600 விநாடியில், மொத்தமே 10 விநாடி 80 டெசிபல் ஹார்ன். டெசிபலை அப்படியே சராசரி எடுத்தா 40.1. அடடா, ஒண்ணுமே இல்லையேன்னு தோணும். ஆனா சராசரி எடுக்க வேண்டியது ஒலிச்செறிவுக்கு. அப்புறம்தான் மடக்கை. அப்படிப் போட்டா 54.6!

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45. அளவீடு டெசிபல் 'ஏ', அதாவது நம்ம காது கேட்கும் விதத்துக்கு ஏத்த மாதிரி திருத்தினது. ராத்திரி முழுக்க மணிக்கு 10 விநாடி ஹார்ன்னா, கிட்டத்தட்ட பகல் வரம்பையே தொட்டாச்சு.

45-க்குள்ள அடக்கணும்னா மணிக்கு எத்தனை விநாடி அடிக்கலாம்? போட்டுப் பாருங்க. எனக்கு 1 விநாடிகூட வரல.