மாதர் கண்ட கனவு நாடு

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அருப்புக்கோட்டை அமைந்துள்ளது. அதற்குக் கிழக்கே, குண்டாற்றங்கரையில், சுந்தரர் பாடிய திருச்சுழி விளங்குகிறது. இவ்வூர்களைச் சூழ்ந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. ஐப்பசி கார்த்திகையில் மழை தவறாது பெய்தால் கண்மாய்கள் நிறையும். கம்பும் சோளமும் பருத்தியும் விளையும். மழை பொய்த்தாலோ, வறண்ட கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் ஒன்றே பசுமை காட்டி நிற்கும். குண்டாறும் ஆண்டின் பெரும்பகுதியில் மணலாறே.

இந்நிலத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, நீருக்கே பஞ்சம். வெயிலின் கொடுமையும் நீரின் அருமையும் எல்லார்க்கும் பொதுவேயாயினும், அவற்றின் சுமை பெரிதும் பெண்டிர் மேலேயே ஏறியது. ஊருணிக்கு நடந்து குடம் சுமந்தவர்கள் அவர்கள். முள்விறகு வெட்டிக் கொணர்ந்து, அடுப்புப் புகையில் கண் கலங்கியவர்களும் அவர்களே. நல்ல நாடு என்பது எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று இங்குள்ள தாய் ஒருத்தியைக் கேட்டால், புகையில்லாத அடுப்பும் வற்றாத நீரும் உள்ள நாடு என்றே அவள் முதலில் விடை கூறுவாள்.

அத்தகைய நாடு ஒன்றை 1905-ஆம் ஆண்டிலேயே ஒரு பெண்மணி எழுத்தில் படைத்துக் காட்டினார். அவர் பிறந்தது மழை மிகுந்த வங்க நாட்டில். ஆயினும் அவருடைய கதை முதன்முதலாக அச்சேறியது சென்னையிலேயே ஆகும். கமலா சத்தியநாதன் அம்மையார் 1901-இல் தொடங்கி நடத்திய ஆங்கில மாதர் இதழில் அது வெளிவந்தது. கதையின் பெயர் ‘சுல்தானாவின் கனவு’. எழுதியவர் ரொக்கேயா அம்மையார்.

ரொக்கேயா 1880-இல் இரங்கபுரி மாவட்டத்துப் பைராபந்து என்னும் சிற்றூரில், செல்வம் மிக்க குடும்பத்தில் பிறந்தார். அக்குடும்பத்தில் கோஷா முறை கடுமையாக நிலவியது. பெண் மக்கள் வங்க மொழியோ ஆங்கிலமோ கற்பதற்கு இசைவில்லை. வீட்டார் உறங்கிய பின்னர் அண்ணன் இப்ராகிம் விளக்கொளியில் தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மறைவில் கற்ற அந்த ஆங்கிலத்தில்தான், பாகல்பூரில் அரசு அலுவலராயிருந்த தம் கணவர் சகாவத் உசேன் பணியின் பொருட்டு வெளியூர் சென்றிருந்த வேளையில், அம்மையார் இக்கதையை எழுதி முடித்தார். திரும்பி வந்த கணவர் நின்றவாறே அதனைப் படித்து, ஆண்களை நன்றாகப் பழி வாங்கிவிட்டாய் என்னும் பொருள்படக் கூறினாராம்.

அவர் கூறியதற்குக் காரணம் உண்டு. சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்த சுல்தானா, கனவில் ஒரு புதிய நாட்டை அடைகிறாள். அங்கே தெருவில் நடமாடுவோர் அனைவரும் பெண்டிர். ஆடவரே வீட்டுக்குள் அடங்கியிருப்போர். சமையலறையில் கரியுமில்லை, புகையுமில்லை. ஞாயிற்றின் வெப்பத்தைச் சேர்த்து வைத்து அதனாலேயே சமைக்கின்றனர். பெண்கள் பல்கலைக்கழகத்தார் அமைத்த பலூன் ஒன்று வானில் நின்று, குழாய்களின் வழியே காற்றிலுள்ள நீரை இழுத்துத் தருகிறது. எனவே அந்நாட்டில் வறட்சியுமில்லை, புயலுமில்லை. உழவு மின்விசையால் நடைபெறுகிறது. மக்கள் வானவூர்தியில் செல்கின்றனர். அந்நாட்டில் கொசுவும் இல்லையாம்! இவ்வளவு வேலைகளையும் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகின்றனர். எவ்வாறு முடிகிறது என்று சுல்தானா வியக்கிறாள். ஆடவர் அலுவலகத்தில் இருக்கும் ஏழு மணி நேரத்தில் ஆறு மணி நேரம் சுருட்டுப் புகைப்பதிலேயே கழிகிறதன்றோ என்று அவளுடைய தோழி கணக்கிட்டு விளக்குகிறாள்.

ஒருவரை அடைத்து வைத்து மற்றவர் உலவுவது அறமாகுமா என்னும் வினா படிப்பவர் உள்ளத்தில் எழுதல் இயல்பே. ஆசிரியை விரும்பியதும் அவ்வினாவையே எனலாம். ஆடவர் அடைபட்டிருப்பதைக் கண்டு நகைக்கவும் வருந்தவும் தெரிந்தவர்கள், பெண்கள் அடைபட்டிருப்பதை மட்டும் இயற்கை என்று எண்ணியது எவ்வாறு? கதை கண்ணாடியைத் திருப்பிப் பிடிக்கிறது, அவ்வளவே.

அதே 1905-ஆம் ஆண்டில் சென்னையில் ‘சக்கரவர்த்தினி’ என்னும் தமிழ் மாதர் திங்களிதழுக்கு ஆசிரியராய் அமர்ந்தவர் பாரதியார். அவர் பிறந்த எட்டயபுரம், அருப்புக்கோட்டைக்குத் தெற்கே இதே கரிசல் காட்டில் உள்ள ஊராகும்.

நல்ல கனவை அடுத்த தலைமுறை அவ்வாறே விட்டுவிடுவதில்லை. கதை வெளிவந்து நூறு ஆண்டுகள் கழிந்தபின், 2005-இல் சென்னையின் தாரா பதிப்பகத்தார் அதனைப் படங்களுடன் வெளியிட்டனர். படம் வரைந்தவர் மத்தியப் பிரதேசத்துக் கோண்டு மரபினரான துர்க்காபாய் வியாம். இவர் பள்ளி செல்லும் வாய்ப்பைப் பெறாதவர். அருப்புக்கோட்டைப் பெண்கள் வாசலில் கோலமிடுவதுபோல், இவருடைய குலத்துப் பெண்கள் வீட்டுத் தரையிலும் சுவரிலும் ‘திக்னா’ என்னும் கோலங்களை வரைவர். அக்கலையைச் சிறு வயதிலேயே பயின்றவர் துர்க்காபாய். கோண்டு ஓவியத்தில் உருவங்களின் உள்ளிடமெல்லாம் புள்ளியும் கோடுமாய் நிறையும். மரமும் பறவையும் விலங்கும் மனிதரோடு சம இடம் பெறும். பள்ளியையே காணாத ஒருவரின் கை, பெண்கள் பல்கலைக்கழகம் நடத்தும் நாட்டை இவ்வாறு வரைந்தது. 2022-இல் இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நியூயார்க்கு நகரில் பிறந்த சித்ரா கணேஷ், இந்தியாவினின்றும் குடியேறியோரின் மகள். இந்தியப் புராணப் படக்கதைகளின் கோட்டு முறையைத் தம் ஓவியங்களில் எடுத்தாண்டு புகழ் பெற்றவர். இவர் 2018-இல் அதே கதையை லினோலியத் தகட்டில் செதுக்கி, 27 அச்சோவியங்களாக வெளியிட்டார். 2023-இல் இசபெல் எர்கேரா என்னும் ஸ்பெயின் நாட்டு அம்மையார் அதனை அடிப்படையாகக் கொண்டு அசைவூட்டத் திரைப்படம் ஒன்றை எடுத்தார். 2024-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டிலும் கதை இடம்பெற்றது. எழுதியவர், வரைந்தவர், செதுக்கியவர், திரையில் அசைய வைத்தவர் ஆகிய நால்வரும் பெண்டிரே.

இனி, கனவில் எவ்வளவு நனவாயிற்று என்பதனை நோக்கலாம். திருச்சுழியைக் கடந்து குண்டாறு செல்லும் வழியில் கமுதி உள்ளது. கமுதிக்கு அருகே 648 மெகாவாட் ஆற்றலுள்ள பெரும் சூரிய மின்நிலையம் 2016-இல் இயங்கத் தொடங்கியது. பகையென்று எண்ணப்பட்ட வெயிலே விளைபொருளாயிற்று! காற்றிலிருந்து நீரை இழுக்கும் பலூன் மட்டும் கரிசல் வானில் இன்னும் ஏறவில்லை. கோடையில் குழாயடியில் குடங்கள் வரிசையாய்க் காத்திருப்பதும் இன்னும் நின்றபாடில்லை.

ஆனால் கதையை ஊன்றிப் படிப்போர் ஒன்றை உணர்வர். அந்நாட்டில் பலூனும் வெப்பக் கருவியும் முதலில் தோன்றவில்லை. பெண்கள் எல்லாரும் கல்வி கற்றல் வேண்டும் என்பது அரசியின் ஆணை. இருபத்தொரு வயது நிரம்புமுன் எப்பெண்ணும் மணத்தல் கூடாது என்பது அதனோடு சேர்ந்த ஆணை. இவற்றுக்குப் பின்னரே பல்கலைக்கழகங்கள் எழுந்தன. அவற்றின் பின்னரே கருவிகள் வந்தன.

ரொக்கேயா அம்மையார் தம் வாழ்விலும் அவ்வரிசையையே பின்பற்றினார். 1909-இல் கணவர் மறைந்தபின், அவர் பெயரால் பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1911-இல் அது கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் மீண்டும் தொடங்கப்பட்டது. கோஷா முறைக்கு அஞ்சி, பள்ளி வண்டியை முற்றும் மூடி ஓட்ட வேண்டியிருந்தது. உள்ளே காற்றின்றிச் சிறுமியர் மயங்கினர். இதனை அம்மையார் 1931-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார். 1932-இல் அவர் மறைந்தார். பள்ளி இன்றும் நடைபெறுகிறது.

அரசியின் இரண்டாம் ஆணையின் வரலாறோ வேறு. 1929-இல் இந்தியச் சட்டம் பெண்ணின் மணவயதை 14 என்று வரையறுத்தது. 1978-இல் அது 18 ஆயிற்று. அதனை 21 ஆக்கும் மசோதா ஒன்று 2021-இல் மக்களவைக்கு வந்து, நிறைவேறாமலே காலாவதியாயிற்று. சட்டம் இருந்தும், எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் படிப்பை நிறுத்தி மணமேடைக்கு அனுப்பப்படும் சிறுமியர் கரிசல் சீமையிலும் உளர். கதையில் அரசி குறித்த வயது இருபத்தொன்று. கதை வெளிவந்த ஆண்டு 1905.