வேலைக்கும் ஒரு தவணை பேசுவோம்



கூலி என்றதும், வியர்வை உலரும் முன் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபி (ஸல்) அவர்களின் கட்டளை நம் நினைவுக்கு வருகிறது. ஜும்ஆ பயான்களிலும் கேட்கிறோம். ஆனால் சனிக்கிழமை கூலியைக் குறைவின்றி வாங்கிய ஒருவர், திங்கட்கிழமை வேலை உண்டா என்று தெரியாமல் வீடு திரும்பும் கவலையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

எகிப்திலிருந்து தப்பி மத்யனுக்கு வந்த மூஸா (அலை) அவர்களிடம் அப்போது ஒன்றுமே இல்லை. தண்ணீர்த் துறையில் இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டி உதவினார்கள். வலிமையும் நம்பகமும் உள்ள இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என அப்பெண்களில் ஒருவர் தந்தையிடம் சொல்கிறார். அந்த முதியவர் (ஷுஐப் நபி என்போரும் உண்டு) மகளை மணமுடித்துத் தர முன்வந்து, எட்டு ஆண்டு வேலை என்று தவணை பேசுகிறார். பத்தாக்கினால் அது மூஸாவின் விருப்பம். சிரமப்படுத்தும் எண்ணம் தமக்கில்லை என்றும் சொல்லிவிடுகிறார். மூஸா (அலை) அல்லாஹ்வைச் சாட்சியாக்கி ஏற்கிறார்கள். அல்கஸஸ் அத்தியாயத்தின் 26 முதல் 28 வரையான வசனங்களில் இதைக் காணலாம்.

இங்கே யாருக்கு வேலைப் பாதுகாப்பு கிடைத்தது? வந்தவருக்கு மட்டுமா? ஆடு மேய்க்க ஆளில்லாமல் பெண்மக்களை அனுப்பிய முதியவருக்கும்தான்.

நம் ஊர்ப் பீங்கான் தொழிலிலும் நிலைமை அதுவே. களிமண் குழம்பை அச்சில் ஊற்றிவிட்டு, எந்தப் பதத்தில் எடுப்பது என்பதை ஒரு நாளில் கற்க முடியாது. அவசரப்பட்டால் உருக் குலையும். ஈரத்தோடு சூளைக்குள் போனால் வெடிக்கும். கை தேர்ந்தவரை அனுப்பிவிட்டுக் குறைந்த கூலிக்குப் புதியவரை எடுக்கும் முதலாளி, மிச்சம் பிடித்த பணத்தை உடைசலில் இழக்கிறார். பெரிய அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, ஆர்டர் முடியும் முன் சொல்லாமல் வேறிடம் போகும் தொழிலாளியும் நம்மில் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். அமானத் இரு பக்கமும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, 24 காலண்டர் மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும். நோய், விபத்து, அனுமதித்த விடுப்பு, தொழிலாளியின் தவறின்றி வேலை நின்ற நாட்கள் ஆகியவை அந்தத் தொடர்ச்சியை முறிக்காது. எல்லாப் பட்டறைக்கும் இது பொருந்தாது. கட்டுமானப் பணி இதில் வராது. ஆனால் பொருந்தும் இடத்தில், 480ஐ நெருங்கும்போது சில நாள் நிறுத்திவிட்டுப் புதிதாகச் சேர்ந்தவர் என்று ஏட்டில் எழுதும் பழக்கம் பல ஊர்களிலும் உண்டு. ஏடு சரியாக இருக்கும். மறுமையில் காட்டும் ஏடு அதுவல்ல.

வேலை செய்பவரிடம் இருக்க வேண்டியது வருகைக்கும் சம்பளத்துக்குமான ஆதாரம். சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை எதையும் தொலைக்க வேண்டாம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுபவருக்கு, இ.எஸ்.ஐ. பொருந்தும் நிறுவனத்தில், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். கையில் வருவது குறைகிறதே என்று சிலர் வேண்டாம் என்கிறார்கள். சூளையில் கை சுட்டுக்கொண்ட பிறகு நம் அறக்கட்டளை வாசலில் வந்து நிற்பவர்களில் அப்படிச் சொன்னவர்களும் உண்டு.

கடனைத் தவணை குறித்து எழுதி வைக்க அல்பகரா 282ஆம் வசனம் பணிக்கிறது. தெரிந்த பையன்தானே, சொந்தக்காரர்தானே என்று வேலை விஷயத்தில் மட்டும் எழுதாமல் விடுகிறோம். எத்தனை மாத வேலை, என்ன கூலி, வாங்கிய அட்வான்ஸ் எப்படிக் கழியும், விலகவோ விலக்கவோ எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்ற நான்கும் ஒரு பக்கத்தில் அடங்கும். இரு பிரதிகள் எடுத்து, இரு சாட்சிகளோடு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம். எழுதத் தெரியாதவர்கள் அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தால், எழுதித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.