தவறவிட்ட வருமானவரி ரிட்டர்ன்: ஃப்ரீலான்ஸ் செய்யும் மாணவர்களுக்கு ஒரு பாடம்

வகுப்பு முடிந்ததும் ஹாஸ்டலில் லேப்டாப்பைத் திறந்து காசுக்கு வேலை பார்ப்பவர்கள் நம்மில் நிறைய பேர் இருக்கிறோம். ஒருத்தர் வெப்சைட் செய்து தருவார், இன்னொருத்தர் ஆப் எழுதுவார். 50,000 ரூபாய்க்கு பில் அனுப்பினால் அக்கவுண்ட்டில் 45,000 வந்து விழும். கேட்டால், "மீதி டிடிஎஸ் தம்பி, கவர்ன்மென்ட்டுக்குப் போயிடுச்சு" என்பார் கிளையன்ட். நாமும் "சரி, வரி கட்டியாச்சு, நம்ம வேலை முடிஞ்சது" என்று விட்டுவிடுவோம்.

அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. டிடிஎஸ் என்பது முன்கூட்டியே பிடித்து வைத்த தொகை மட்டும்தான். உங்கள் உண்மையான வரி எவ்வளவு என்று முடிவாவது நீங்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது. பல மாணவர்களுக்கு அந்த வரி பூஜ்யம், அதாவது பிடித்த பணம் முழுக்க அவர்களுடையது. கேட்டு வாங்காவிட்டால் அது திரும்பி வராது. கேட்பதற்கும் ஒரு கடைசி நாள் உண்டு.

2024-25 நிதியாண்டுக்கான ரிட்டர்னின் கெடு முதலில் 2025 ஜூலை 31 ஆக இருந்தது. நீட்டித்து நீட்டித்து செப்டம்பர் 16-ல் முடிந்தது. அதைத் தவறவிட்டவர்களுக்காகத்தான் இந்தப் பாடம். பயப்பட வேண்டாம், இன்னும் வழி இருக்கிறது.

1. முதலில், நீங்கள் யார்?

கம்பெனி பதிவு செய்யாமல் சொந்தப் பெயரில் வேலை செய்து பணம் வாங்கினால் நீங்கள் தனிநபர் தொழில் செய்பவர். தொழிலுக்குத் தனி பான் கிடையாது, உங்கள் பான்தான் தொழிலின் பான். வந்த பணம் சம்பளம் இல்லை, தொழில் வருமானம். அதனால் சம்பளக்காரர்கள் போடும் ஐடிஆர்-1 உங்களுக்குப் பொருந்தாது. பெரும்பாலான மாணவர்களுக்கு ஐடிஆர்-4 போதும்.

"எனக்கு வருமானம் கம்மி, நான் ஏன் போடணும்?" என்று கேட்கலாம். அடிப்படை விலக்கு வரம்புக்குக் கீழே இருந்தாலும், ஓர் ஆண்டில் பிடித்த டிடிஎஸ் 25,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால் ரிட்டர்ன் கட்டாயம். தொழில்முறைச் சேவையில் மொத்த வரவு 10 லட்சத்தைத் தாண்டினாலும் கட்டாயம்.

2. கணக்கு போட்டுப் பார்ப்போம்

வெப்சைட் செய்யும் ஃபைனல் இயர் மாணவி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 2024-25-ல் மொத்த வரவு 4,20,000 ரூபாய். கிளையன்ட்டுகள் 10 சதவீதம் பிடித்தது 42,000.

இங்கே பிரிவு 44ஏடிஏ உதவிக்கு வருகிறது. பொறியியல், தகவல் தொழில்நுட்பம், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற குறிப்பிட்ட தொழில்களில் இருப்பவர்கள் வரவில் குறைந்தது பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். செலவுக்கு பில்லும் கணக்குப் புத்தகமும் வைக்க வேண்டியதில்லை. அவர் வருமானம் 2,10,000. புதிய வரிமுறையில் அந்த ஆண்டின் விலக்கு வரம்பு 3 லட்சம் என்பதால் வரி பூஜ்யம்.

தாமதக் கட்டணம்? மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000 ரூபாய், அதற்கு மேல் போனால் 5,000. ஆக அவருக்கு 1,000 போக 41,000 ரூபாய் ரீஃபண்ட். ஒரு செமஸ்டர் ஃபீஸில் நல்ல பங்கு அது. 2025 டிசம்பர் 31-க்குள் போட்டிருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

3. தாமதத்திலும் படிகள் உண்டு

முதல் படி, தாமத ரிட்டர்ன். 2024-25-க்கு 2025 டிசம்பர் 31 வரை போட முடிந்தது. ரீஃபண்ட் கிடைக்கும். ஆனால் புதிய வரிமுறை மட்டும்தான், பழையதைத் தேர்ந்தெடுக்க முடியாது. எஃப் அண்ட் ஓ டிரேடிங்கில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் கவனியுங்கள்: அந்த நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகவும் முடியாது. டிரேடிங் செய்தவர்களுக்கு ஃபார்மும் வேறு, பொதுவாக ஐடிஆர்-3.

இரண்டாவது படி, ஐடிஆர்-யு எனும் புதுப்பித்த ரிட்டர்ன். மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து 48 மாதம் வரை அவகாசம் உண்டு, ஆனால் விலை அதிகம். வரியும் வட்டியும் சேர்த்த தொகை மீது கூடுதல் வரி: முதல் 12 மாதத்துக்குள் 25 சதவீதம், 24-க்குள் 50, 36-க்குள் 60, 48-க்குள் 70. முக்கியமாக, இதில் ரீஃபண்ட் கேட்க முடியாது. பணம் கட்ட மட்டும்தான் இந்தக் கதவு. அந்த ஆண்டுக்கான மதிப்பீட்டு நடவடிக்கையைத் துறை ஆரம்பித்துவிட்டால் இதுவும் மூடிவிடும்.

இன்னொரு கணக்கு. படிப்பு முடித்த சீனியர் ஒருவர் வெளிநாட்டு கிளையன்ட்டுகளுக்கு வேலை செய்து 2024-25-ல் 16 லட்சம் வாங்கினார், டிடிஎஸ் இல்லை. வருமானம் 8 லட்சம் என்று காட்டினால் வரி செஸ் உட்பட 31,200. 2025 டிசம்பருக்குள் போட்டிருந்தால் அதோடு 5,000 கட்டணமும் மாதத்துக்கு 1 சதவீத வட்டியும் வந்திருக்கும். முன்கூட்டியே கட்ட வேண்டிய வரியைக் கட்டாததற்கும் தனி வட்டி உண்டு. கெடு தாண்டினால் இத்தனையும் அப்படியே இருக்க, வரிக்கு மட்டுமே குறைந்தது 7,800 கூடுதல். நான்காவது ஆண்டு வரை இழுத்தால் அது 21,840.

4. எப்படிப் போடுவது?

அ) வருமானவரித் துறையின் ஈ-ஃபைலிங் தளத்தில் பான் எண்ணால் பதிவு செய்யுங்கள். பானும் ஆதாரும் இணைந்திருக்க வேண்டும்.

ஆ) படிவம் 26ஏஎஸ், ஏஐஎஸ் இரண்டையும் இறக்கிப் பாருங்கள். யார் எவ்வளவு டிடிஎஸ் பிடித்தார்கள், பேங்க் வட்டி எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். கிளையன்ட் பிடித்த தொகை அதில் இல்லையென்றால் உடனே அவரிடம் கேளுங்கள்.

இ) பேங்க் ஸ்டேட்மென்ட்டை வைத்து மொத்த வரவைக் கூட்டுங்கள். டிடிஎஸ் பிடித்த பிறகு வந்த தொகை அல்ல, பில் போட்ட முழுத் தொகைதான் வரவு.

ஈ) ஐடிஆர்-4-ல் பிரிவு 139(4)-ஐத் தேர்ந்தெடுங்கள். தாமத ரிட்டர்ன் என்பதன் அடையாளம் அதுதான். உங்கள் வேலை 44ஏடிஏ-வில் வருமா என்று சந்தேகம் இருந்தால் ஒரு ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

உ) வரி, வட்டி, கட்டணம் பாக்கி இருந்தால் அங்கேயே கட்டி, செலான் விவரத்தைச் சேருங்கள்.

ஊ) ஆதார் ஓடிபி மூலம் 30 நாளுக்குள் சரிபாருங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம். 30 நாள் தாண்டிச் சரிபார்த்தால், சரிபார்த்த தேதிதான் தாக்கல் தேதி. டிசம்பரில் போட்டதும் வீணாகிவிடும். ரீஃபண்ட் வரவேண்டிய பேங்க் அக்கவுண்ட்டையும் தளத்தில் வேலிடேட் செய்து வையுங்கள்.

5. பழைய ஆண்டுகள்?

2020-21 முதல் 2023-24 வரை வரி பாக்கி இருந்தால் 2026 மார்ச் 31 வரை ஐடிஆர்-யு போட முடிந்தது. 2020-21-க்கு அதுவே கடைசி நாள். மற்ற ஆண்டுகளுக்கு அந்த நாளோடு கூடுதல் வரி ஒரு படி ஏறியது. அதனால் பழைய பாக்கியைச் சீக்கிரம் முடிப்பது லாபம்.

பழைய ஆண்டின் ரீஃபண்ட் போய்விட்டதா? ஒரு சின்ன வழி உண்டு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டுக்குள், தாமதத்தை மன்னிக்கும்படி பிரிவு 119(2)(பி)-யின் கீழ் விண்ணப்பிக்கலாம். நியாயமான காரணம் காட்ட வேண்டும், முடிவு அதிகாரியின் கையில். அதை நம்பிக் கெடுவை விடாதீர்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமானவரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, பிரிவு எண்கள் மாறின. நாம் பேசிய ஆண்டுகளுக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும்.

கடைசியாக ஒன்று. "உங்களுக்கு ரீஃபண்ட் ஜாஸ்தியா வாங்கித் தர்றேன், பாதி கமிஷன்" என்று யாராவது வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். பொய்யான கழிவு காட்டியது பிடிபட்டால் அபராதம் உங்கள் பான் மீதுதான் வரும், அவர் மீது வராது.

தாமதமாகிவிட்டதே என்ற கூச்சத்தில்தான் பலர் இன்னும் தள்ளிப்போடுகிறார்கள். ஒருநாள் தாமதத்துக்கும் மூன்று மாதத் தாமதத்துக்கும் கட்டணம் ஒன்றுதான், டிசம்பர் 31 தாண்டினால்தான் கதையே மாறும். செமஸ்டர் பரீட்சைக்கு நடுவே ஒரு மாலை ஒதுக்குங்கள். இன்றைக்கே 26ஏஎஸ்-ஐ மட்டுமாவது திறந்து பாருங்கள். உங்கள் பணம் அங்கே காத்துக்கொண்டிருக்கலாம்.