திரையில் கற்றது வகுப்புக்கு வர...

கேள்வி: நான் மழலையர் பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் நான்கு வயதுச் சிறுவனுக்கு ஆட்டிசம். கணினிவழிப் பயிற்சி மட்டும் எனக்குப் போதுமா?

பதில்: தொடங்க நல்ல வழி அது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகம் தரும் ‘அஃபர்ம்’ இணையப் பாடங்கள் இலவசம். படம் காட்டிப் புரியவைத்தல், சரியாகச் செய்ததும் ஊக்குவித்தல், ஒரு வேலையைச் சிறு படிகளாகப் பிரித்தல் என ஆய்வில் பலன் தெரிந்த முறைகளைத் தனித்தனியே கற்கலாம்.

ஆனால் பாடம் அறிவைத் தரும். கைப்பழக்கம் வகுப்பில்தான் வரும். முதலில் கை கழுவுவதை மட்டும் எடுங்கள். படிக்கொரு படம் ஒட்டுங்கள். எந்தப் படிவரை அவன் தானாகச் செய்தான் என்று தினமும் குறியுங்கள். நீங்கள் கற்பிப்பதை அனுபவமுள்ள சிறப்பாசிரியர் ஒருவரை நேரில் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். பெற்றோரையும் வீட்டில் அதே படங்களைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். உங்கள் அக்கறைக்கு இந்த முறையான பயிற்சியும் சேர்ந்தால் அவன் முன்னேற நல்ல வாய்ப்புண்டு.